ஏர்பேக் லைட் அணைய மாட்டேங்குதா? அறிகுறிய வச்சு ஒயரிங் கோளாறு கண்டுபிடிக்கிற வழி

சாவிய ஆன்ல வச்சதும் மீட்டர்ல ஒரு ஆள் உக்காந்து முன்னாடி உருண்டை வச்ச மாதிரி செவப்பு லைட் வரும்ல, அது ஏறக்குறைய 6 செகண்ட் எரிஞ்சிட்டு தானா அணையணும். அணையாம நின்னாலும், அணைஞ்சிட்டு ஓட்டும்போது திரும்ப வந்தாலும், மினுக்கு மினுக்குன்னு அடிச்சாலும், மொதல்லயே எரியாம கெடந்தாலும் ஏர்பேக் சிஸ்டத்துல கோளாறு இருக்கு. நெறைய பேரு லைட் வந்துட்டா பை திடீர்னு மூஞ்சில வெடிச்சிடுமோன்னு பயப்படுறாங்க, நெசத்துல பயப்பட வேண்டியது வேற, முட்டிக்கிற நேரத்துல பை விரியாம போயிடலாம், அதான் அந்த லைட்டோட சேதி. வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு ஆறு மாசம் அப்படியே கும்பகோணம் தஞ்சாவூர் ரோட்டுல ஓட்டிக்கிட்டு இருக்குறவங்களுக்குத்தான் இத எழுதுறேன், அவங்க வண்டிய வாங்கிப் பாக்குற எலக்ட்ரீஷியன் தம்பிங்களுக்கும் சேத்து.

லைட் எரிஞ்சா பையையோ, பைய எப்ப விரிக்கணும்னு முடிவு பண்ற கண்ட்ரோல் பெட்டியான ஏர்பேக் ஈசியூவையோ உடனே மாத்தாதீங்க. ரெண்டும் விலை கூடுனது, ரெண்டும் அவ்வளவு லேசுல கெட்டுப்போகாது. கெட்டுப்போறது நடுவுல ஏர்பேக் ஒயர சேக்குற மஞ்ச சாக்கெட்டு, ஸ்டியரிங்குக்கு கீழ ஒயர சுருட்டி வச்சிருக்குற டப்பாவான கிளாக் ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில ஆடிக்கிட்டு கெடக்குற ஒயரு, இதுங்கதான். எங்க மனுஷன் கை பட்டுச்சு, எங்க தண்ணி பட்டுச்சு, எங்க எலி பல்லு பட்டுச்சு, இந்த மூணு கேள்விய மொதல்ல வண்டிக்காரர்கிட்ட கேளுங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

பேட்டரி நெகட்டிவ்வ கழட்டி, அது திரும்ப போய் தொடாத மாதிரி துணி சுத்தி ஓரமா வச்சிட்டு காத்திருக்கணும். ஈசியூவுக்குள்ள கெப்பாசிட்டர் இருக்கு, மோதுற நேரத்துல பேட்டரி பிச்சிக்கிட்டு போனாலும் பைய விரிக்க அதுல கரண்ட் சேத்து வச்சிருப்பாங்க, அது இறங்குறதுக்குத்தான் இந்த நேரம். சில கம்பெனி 90 செகண்ட் போதும்ங்குது, சிலது 3 நிமிஷம்ங்குது, நான் கழட்டிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்துதான் கை வைப்பேன், 10 நிமிஷம் ஆனா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது.

அடுத்தது, இது ரொம்ப முக்கியம், பைக்குள்ள போற ரெண்டு பின்னுல மல்டிமீட்டர வச்சு ஓம் பாக்கவே கூடாது. உள்ள ஸ்குயிப்னு ஒரு பத்தவைக்கிற உறுப்பு இருக்கு, அதோட ரெசிஸ்டன்ஸே ஏறக்குறைய 2 ஓம்தான், பொதுவா 1.2 ஆம்பியர் கரண்ட் வெறும் 2 மில்லிசெகண்ட் போனா பத்திக்கும். மீட்டரும் அளக்கறதுக்கு தன் பேட்டரிலேர்ந்து கரண்ட் விடுது, எந்த மீட்டர் எவ்வளவு விடும்னு யாரு கண்டா. நம்ம பக்கம் எலக்ட்ரீஷியன் எல்லார் கையிலயும் இருக்கே, கிளிப் வச்ச 12 வோல்ட் பல்பு டெஸ்ட் லேம்ப், அது இதவிட மோசம், இண்டிகேட்டர் பல்பு போட்டு பண்ணி வச்சிருந்தா அதுவே ஒன்றரை ஆம்பியருக்கு மேல இழுக்கும். மஞ்ச ஒயர் பக்கம் அத கொண்டு போகவே போகாதீங்க.

அப்ப பை நல்லா இருக்கா இல்லையான்னு எப்படி பாக்குறது? பைய கழட்டி தள்ளி வச்சிட்டு, அது இருந்த சாக்கெட்டுல பைக்கு பதிலா 2 ஓம் ரெசிஸ்டர் ஒண்ண மாட்டணும். கம்பெனிக்காரங்க இதுக்குன்னே டூல் வச்சிருக்காங்க, பேரு வேற வேறயா இருக்கும், உள்ள இருக்குறது ரெசிஸ்டர்தான். ஈசியூவுக்கு அது பை மாதிரியே தெரியும். இப்ப பேட்டரிய மாட்டி, வண்டிக்குள்ள யாரும் உக்காராம சாவிய ஆன் பண்ணி ஸ்கேனர்ல பாத்தா, ஈசியூ பதிஞ்சு வச்சிருக்குற கோளாறு நம்பர், அதான் கோட், போயிருந்தா கோளாறு பையிலயோ பையோட சாக்கெட்டுலயோ, போகலன்னா ஒயர்லயோ அதுக்கு மேலயோ. பழையபடி பேட்டரிய கழட்டி, காத்திருந்து, ரெசிஸ்டர ஒரு சாக்கெட் பின்னாடி நகத்தி மாட்டி திரும்ப பாருங்க. இப்படி ஒவ்வொரு சாக்கெட்டா ஈசியூவ பாத்து நகந்து போனா கோளாறு எந்த ரெண்டு சாக்கெட்டுக்கு நடுவுலன்னு தானா வந்து மாட்டும். கீழ சொல்ற எல்லா அறிகுறிக்கும் இதான் அடிப்படை சோதனை.

கழட்டுன பைய தூக்கிட்டு போகும்போது கவர் பக்கம் வெளிய பாத்திருக்கணும், நெஞ்சு பக்கம் பாக்கக் கூடாது. கீழ வைக்கும்போது கவர் மேல பாத்திருக்கணும். கவுத்து வச்சு அது பத்திக்கிச்சுன்னா மொத்த யூனிட்டும் ராக்கெட்டா கிளம்பும். வெயில்ல வைக்காதீங்க, வெல்டிங் நடக்குற எடத்துல வைக்காதீங்க, அதுமேல எதையும் ஏத்தி வைக்காதீங்க.

வண்டி வச்சிருக்குறவங்க வீட்டுல பாக்குறது எது வரைக்கும்னா, பேட்டரி வோல்ட், சீட்டுக்கு அடியில கண்ணால பாக்குறது, கார்பெட் ஈரமான்னு தொட்டுப் பாக்குறது, ஸ்கேனர்ல கோட் படிக்கிறது, அவ்வளவுதான். மஞ்ச சாக்கெட்ட கழட்டுற வேலை பழகுனவங்களுக்கு விட்டுடுங்க.

ஸ்கேனர் சொல்றத எப்படி படிக்கணும்

ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்குற புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோட மட்டும்தான் படிக்கும், அதுல "கோட் எதுவும் இல்ல"ன்னு வந்தா ஏர்பேக் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல, அது ஏர்பேக் பக்கம் எட்டியே பாக்கல. ஏர்பேக் கோட் பி எழுத்துல ஆரம்பிக்கும், அதுக்கு அந்த சிஸ்டத்துக்குள்ள போற ஸ்கேனர் வேணும்.

கோட்ல பி0001னு வந்தா டிரைவர் முன்பக்க பையோட மொத ஸ்டேஜ் சர்க்யூட்னு பொதுவா அர்த்தம். சர்க்யூட், பை இல்ல. ஈசியூலேர்ந்து கெளம்பி டேஷ்போர்டு ஒயரு, கிளாக் ஸ்பிரிங், ஸ்டியரிங் சாக்கெட்டு, பை, திரும்ப அதே வழி, இது மொத்தமும் அந்த ஒரு கோடுக்குள்ள அடங்கும். அத படிச்சிட்டு "டிரைவர் ஏர்பேக் போச்சு சார், மாத்தணும்"னு எஸ்டிமேட் போடுறவங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வரும்.

கோடுக்கு பின்னாடி வர்ற விளக்கம்தான் பிடி. ரெசிஸ்டன்ஸ் அதிகம்னோ ஓபன்னோ வந்தா ஒயர் அறுந்திருக்கு, சாக்கெட் லூசு, பின் பாசி பிடிச்சிருக்கு, கிளாக் ஸ்பிரிங் ரிப்பன் வெடிச்சிருக்கு. ரெசிஸ்டன்ஸ் கம்மின்னோ ஷார்ட்னோ வந்தா ரெண்டு ஒயரும் ஒண்ண ஒண்ணு தொடுது. எர்த்துக்கு ஷார்ட்னா ஒயர் தோல் உரிஞ்சு பாடிய தொடுது, பெரும்பாலும் சீட் ரெயில்ல மாட்டி நசுங்குன ஒயரு. பேட்டரிக்கு ஷார்ட்னா கரண்ட் இருக்குற வேற ஒயரோட ஒட்டியிருக்கு, இது வந்தா மியூசிக் சிஸ்டம் மாத்துனவரு, ஆட்டோ லாக் போட்டவரு யாராச்சும் உள்ள ஒயர் இழுத்திருக்காரான்னு பாருங்க.

இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. ஏர்பேக் சாக்கெட்டுகளுக்குள்ள குட்டியா ஒரு ஸ்பிரிங் தகடு இருக்கும், சாக்கெட்ட கழட்டுன உடனே அது ரெண்டு பின்னயும் சேத்து ஷார்ட் பண்ணிடும், எங்கேர்ந்தாவது கரண்ட் வந்து பை பத்திக்கக் கூடாதுன்னு பாதுகாப்புக்கு வச்சது. சாக்கெட் முழுசா உள்ள போனாதான் அந்த தகடு விலகும். அதனால பாதி மாட்டுன சாக்கெட்டு ஓபன்னு காட்டாம "ரெசிஸ்டன்ஸ் கம்மி"ன்னு காட்டும், நீங்க ஒயர் எங்க ஒட்டியிருக்குன்னு தேடித் தேடி அலைவீங்க. ரெண்டு பக்க சாக்கெட்டையும் கழட்டிட்டு வெறும் ஒயர மீட்டர்ல பாக்கும்போதும் இதே தகடு ஷார்ட்னு காட்டி ஏமாத்தும், அத விலக்கி வச்சிட்டுதான் அளக்கணும். ஈசியூ சாக்கெட்டுலயும் இந்த தகடு உண்டு.

கோட் இப்ப இருக்குறதா, பழசான்னும் பாருங்க. நல்ல ஸ்கேனர்ல லைவ் டேட்டாவுல ஒவ்வொரு பைக்கும் எத்தனை ஓம்னு ஈசியூவே அளந்து காட்டும், அது பாதுகாப்பான அளவு, மீட்டர் மாதிரி ஆபத்து இல்ல. 2.1, 2.1, 2.2ன்னு நின்னா சரி. சீட்ட முன்ன பின்ன தள்ளும்போது 2.1லேர்ந்து 4.8க்கு குதிச்சு திரும்ப வந்துச்சுன்னா திருடன் அங்கதான் இருக்கான்.

ஹாரன் அடிக்கல, லைட்டும் எரியுது

இந்த ரெண்டும் ஜோடியா வந்தா யோசிக்காம கிளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங்ல இருக்குற சவுண்டு பட்டன், ஃபோன் பட்டன், குரூஸ் பட்டன் இதுங்களும் சேந்து செத்திருந்தா சந்தேகமே வேண்டாம். ஸ்டியரிங் சுத்திக்கிட்டே இருக்கும், அத தாங்குற தண்டோட கூடு, அதான் ஸ்டியரிங் காலம் (column), அசையாம நிக்கும், நடுவுல ஒயர் அறுந்துடாம இருக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள தட்டையான ரிப்பன ஓலைப்பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி வச்சிருப்பாங்க, ஸ்டியரிங்க ஒடிக்க ஒடிக்க அது இறுகும் தளரும். நவக்கிரக கோயில் டிரிப் அடிக்கிற வண்டிங்கள்ல இது சீக்கிரமே போறத பாக்குறேன், திருநாகேஸ்வரம், கஞ்சனூர், சூரியனார்கோயில்னு சந்து சந்தா நுழைஞ்சு ஒடிச்சு ஒடிச்சு ரிவர்ஸ் எடுக்குற வண்டிக்கு ரிப்பன் மட்டும் எத்தனை நாளைக்கு தாங்கும்.

ஆரம்பத்துல முழுசா போகாது. நேரா ஓட்டும்போது லைட் இருக்காது, இடது பக்கம் முழுசா ஒடிச்சா வரும், இல்லன்னா ஹாரன் ஒரு பக்கம் ஒடிச்சா மட்டும் அடிக்காது. பழைய டப்பாவ பிரிச்சு பாத்தா ரிப்பன்ல மடிப்பு விழுற எடத்துல முடி மாதிரி ஒரு கீறல், செம்பு அங்க மட்டும் கறுத்துப் போயிருக்கும், வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சாதான் தெரியும். அத சால்டர் வச்சு ஒட்டித் தாறேன்னு சொல்றவங்க இருக்காங்க, வேண்டாம், அது திரும்ப அதே எடத்துல மடியும், திரும்ப வெடிக்கும்.

சோதனை மேல சொன்னதுதான், பைய கழட்டி ரெசிஸ்டர மொதல்ல ஸ்டியரிங் பக்கம் மாட்டிப் பாருங்க, கோட் நின்னா கிளாக் ஸ்பிரிங்குக்கு கீழ இருக்குற சாக்கெட்டுல மாட்டிப் பாருங்க, அங்க கோட் போயிடுச்சுன்னா கிளாக் ஸ்பிரிங்தான்னு உறுதி.

புதுசு மாட்டும்போது வீல் ரெண்டும் நேரா இருக்கணும். புது பீஸ் நடு நிலையில பூட்டு போட்டோ டேப் ஒட்டியோ வரும், மாட்டி முடிக்கிற வரைக்கும் அத பிக்காதீங்க. நடு தப்புனா ஒரு பக்கம் முழுசா ஒடிக்கும்போது ரிப்பன் இறுகி பட்டுன்னு அறுந்துடும், மாட்டுன அன்னிக்கே. ஸ்டியரிங் ராக் வேலை, காலம் வேலை முடிஞ்சு வந்த மறுநாளே ஏர்பேக் லைட் வந்த வண்டின்னா காரணம் இதான், காலம கழட்டி வச்சிட்டு வீல யாரோ ஃப்ரீயா சுத்தி விட்டிருப்பாங்க. பைக்கு பின்னாடி இருக்குற லாக் சில வண்டில ஸ்க்ரூ, சில வண்டில ஓட்டைக்குள்ள ஸ்க்ரூ டிரைவர் விட்டு அமுக்குற கம்பி, நெம்பாதீங்க, உடைஞ்சா பையோட சேத்துதான் வாங்கணும்.

சீட்ட நகத்துனா லைட் வருது, போகுது

சீட்டுக்கு அடியில மஞ்ச சாக்கெட் பாக்கலாம். பெல்ட் இழுப்பான், அதான் பிரீடென்ஷனர், பக்கவாட்டு பை இருக்குற வண்டில அதோட ஒயரு, பக்கிள் சுவிட்ச், இதெல்லாம் வண்டிக்கு தக்கபடி அங்கயும் பக்கத்து தூண்லயும் வரும். நம்ம ஊர்ல சீட்டுக்கு அடி ஒரு குட்டி கிட்டங்கி, விதை பாக்கெட்டு, தண்ணி பாட்டில், செருப்பு, தேங்கா, எல்லாம் உருண்டு உருண்டு அந்த சாக்கெட்ட முட்டிக்கிட்டே இருக்கும். வாட்டர் வாஷ்ல வேக்குவம் குழாய உள்ள விட்டு இழுக்குற பசங்க சாக்கெட்டையும் சேத்து இழுத்துடுவாங்க, சீட் கவர் போடுறவங்க சீட்ட கழட்டி மாட்டும்போது லாக்க முழுசா அமுக்காம விட்டுடுவாங்க. எப்பலேர்ந்து லைட்டுன்னு கேட்டா "சீட் கவர் போட்டதுலேர்ந்துங்க"ன்னு பதில் வரும், அதுக்கு மேல ஸ்கேனரே வேண்டாம்.

பக்கவாட்டு பை சீட் முதுகுல இருக்குற வண்டிக்கு சாதாரண கவர் போடவே கூடாது, பை வெளிய வர வழி இருக்காது, சீட்ல அந்த ஓரத்துல ஏர்பேக்னு துணி லேபிள் தச்சிருப்பாங்க, பாத்துட்டு வாங்குங்க.

பேட்டரி கழட்டி காத்திருந்துட்டு சாக்கெட்ட பிரிச்சுப் பாருங்க. பின் வளைஞ்சிருக்கா, பெண் பின் வாய் அகண்டு லூசா இருக்கா, அடிக்கடி ஆடுனதுல பின் மேல கறுப்பா பொடி படிஞ்சிருக்கா. எலக்ட்ரிக் கான்டாக்ட் கிளீனர் அடிச்சு காய விட்டு மாட்டுங்க, துருவுக்கு அடிக்கிற எண்ணெ ஸ்பிரேய அடிச்சிட்டு விடாதீங்க, அதுல தூசி வந்து அப்பிக்கும். உப்புத்தாள் வச்சு தேய்க்காதீங்க, மேல இருக்குற முலாம் போனா அடுத்த மழைக்கே பாசி பிடிக்கும். மாட்டும்போது மொத கிளிக், அதுக்கு அப்பறம் ரெண்டாவது லாக்கு, ரெண்டும் உக்காரணும். ஒயர் ரெயிலுக்குள்ள போகாத மாதிரி கிளிப் போட்டு நிறுத்துங்க, நாலு தடவ சீட்ட முழுசா முன்ன பின்ன தள்ளிப் பாருங்க.

பக்கிள் சுவிட்ச்னு கோட் வந்தா பக்கிள் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. அறுவடை நேரத்துல களத்துலேர்ந்து நேரா வண்டில ஏறுன ஆளுங்க உக்காந்த சீட்டு பக்கிள்ல நெல்லே கிடந்து எடுத்திருக்கேன்.

மழைக்கு வருது, வெயிலுக்கு போகுது

ஐப்பசி கார்த்திகைல இந்த வண்டிங்க வரிசையா வரும். காலைல லைட், மத்தியானம் வெயில் ஏறுனா காணோம். ஏர்பேக் ஈசியூ பெரும்பாலும் முன் சீட் ரெண்டுக்கும் நடுவுல, கியர் கன்சோலுக்கு அடியில, தரையிலதான் போல்ட் போட்டு உக்காந்திருக்கும், ஆக கார்பெட்டுக்கு அடியில தண்ணி நின்னா மொத அடி அதுக்குத்தான். 2022 நவம்பர்ல சீர்காழில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே, அந்த மாதிரி நேரத்துல நின்ன எடத்துலயே முங்குன வண்டிங்களுக்கு மேல் கார்பெட் காஞ்சிடும், அடியில இருக்குற பஞ்சு மாசக்கணக்கா ஈரத்த பிடிச்சு வச்சிருக்கும். மேல கை வச்சு காஞ்சிருக்குன்னு விட்டுடாதீங்க, ஓரத்து பிளாஸ்டிக்க தூக்கி பஞ்ச அமுக்கிப் பாருங்க.

முங்காத வண்டில தண்ணி எப்படி வருது? ரெண்டு வழி. வைப்பருக்கு கீழ இருக்குற தட்டுல வேப்பிலையும் புளிய எலையும் சேந்து வடிகால் ஓட்டை அடைச்சிக்கும், தண்ணி உள்ள எறங்கும். இன்னொண்ணு ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிக்கிறது, இது சித்திரை வைகாசிலயும் வரும், மழையே இல்லாம எப்படிடா ஈரம்னு குழம்ப வேண்டியதில்ல. ஏசி போட்டு ஓட்டிட்டு நிறுத்துனா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டணும், சொட்டலன்னா அது உள்ள சொட்டுது, பெரும்பாலும் முன் சீட் கால் வைக்கிற எடத்துக்கு.

கன்சோல தூக்கிப் பாத்தா ஈசியூ அலுமினிய பாடில வெள்ளையா சுண்ணாம்பு பூத்த மாதிரி இருக்கும், சாக்கெட் பின்ல பச்சையா களிம்பு. சாக்கெட்டுல மட்டும் பச்சைன்னா சுத்தம் பண்ணி, காய வச்சு, எர்த் போல்ட் எடத்த துரு எடுத்து இறுக்குனா பல வண்டி பொழச்சிக்கும். ஒரே வண்டில சம்பந்தமே இல்லாம நாலஞ்சு சர்க்யூட்டுக்கு கோட் வந்தா அது நாலஞ்சு பை கெட்டதில்ல, எல்லாத்துக்கும் பொதுவான ஈசியூ சாக்கெட்டு, எர்த், சப்ளை இதுல ஒண்ணு. ஈசியூ உள்கோளாறுன்னு கோட் வந்து, அழிச்சாலும் உடனே திரும்ப வந்தா அப்பதான் ஈசியூ மாத்தறத பத்தி பேசணும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் தண்ணி ஏறுன வண்டின்னா சுத்தம் பண்றதுல காலத்த கடத்தாதீங்க, உப்பு உள்ள போனா விடாது.

ஈசியூவ போல்ட்ட கழட்டி தொங்கவிட்டுக்கிட்டு சாவிய ஆன் பண்ணாதீங்க, மோதல உணர்ற சென்சாரே அதுக்குள்ளதான் இருக்கு. அம்புக்குறி வண்டி முன்பக்கம் பாத்து, தரையோட ஒட்டி, சொன்ன இறுக்கத்துல உக்காந்தாதான் அது சரியா கணக்கு போடும். உக்காரலன்னு ஸ்பானரால தட்டுறதும் வேண்டாம்.

பம்பர் தட்டுனதுக்கு அப்பறம், இல்லன்னா எலி புகுந்ததுக்கு அப்பறம்

நெறைய வண்டில ரேடியேட்டர் பக்கம், பம்பருக்கு பின்னாடி மோதல் சென்சார் இருக்கும். மாடு முட்டுனது, டிராக்டர் டிரெய்லர்ல லேசா உரசுனது, இதுக்கெல்லாம் பை விரியாது, ஆனா சென்சார் சாக்கெட் காது உடையும். டிங்கர் கடையில பம்பர் பளபளன்னு வந்துடும், சென்சார் கேபிள் டை போட்டு தொங்கும். அது வளைஞ்ச பிராக்கெட்டுல கோணலா நின்னாலும் தப்பு. இந்த சென்சாரயும் மீட்டர்ல ஓம் பாத்து தீர்மானிக்க முடியாது, உள்ள எலக்ட்ரானிக்ஸ். ரெண்டு பக்கமும் ஒரே பீஸ்னு பார்ட் நம்பர் ஒத்துப்போனா, முறைப்படி பேட்டரி கழட்டிட்டு இடது வலது மாத்தி மாட்டிப் பாருங்க, கோட் சென்சாரோட போச்சுன்னா சென்சார், எடத்துலயே நின்னா ஒயரு.

எலி விஷயம் டெல்டாவுல தனி கதை. சம்பா அறுவடை முடிஞ்சு வயல் காஞ்சதும் தை மாசில வயல் எலிக்கு வேல இல்ல, வீட்டாண்ட வைக்கப்போருக்கு வரும், பக்கத்துல சூடா ஒரு எஞ்சின் நின்னா அங்க குடித்தனம். பானெட்டுக்குள்ள வைக்கோல், நெல் உமி, புழுக்கை கிடந்தா சென்சார் ஒயர கொழாயோட முழுசா தடவிப் பாருங்க, வெளிக்கொழாய் நல்லாருக்கும், அடிப்பக்கம் மட்டும் கடிச்சிருக்கும். சாதா ஒயர்னா முறுக்கி டேப் சுத்திடுவோம், ஏர்பேக் ஒயர்ல அது கூடாது, பல கம்பெனி ஒட்டு போடவே கூடாது, ஹார்னஸ், அதான் மொத்த ஒயர் கட்டையும் மாத்துங்குது, சிலது தங்களோட ஒட்டு கிட் வச்சு மட்டும் அனுமதிக்குது. 2 ஓம் சர்க்யூட்ல முறுக்கு ஒட்டு அரை ஓம் சேத்தாலே பெரிய வித்தியாசம். வண்டி நிறுத்துற எடத்த விட்டு வைக்கப்போர தள்ளி போடுங்க, கொட்டாயில எலி பிடிக்கிற தஞ்சாவூர் கிட்டி வைங்க, மருந்து வச்சா எலி டேஷ்போர்டுக்குள்ள செத்து அந்த நாத்தம் வேற.

கொஞ்சம் பலமா முட்டி, பை விரியாம, பெல்ட் மட்டும் இறுகிப் போய் நிக்குதுன்னா பிரீடென்ஷனர் வெடிச்சிருக்கும். அது ஒரு தடவதான் வேலை செய்யும், ஓபன்னு கோட் வரும், மோதல் பதிவும் ஈசியூல ஏறியிருக்கும், ஸ்கேனர்ல சாதாரணமா அழியாது.

பேட்டரி மாத்துனதும், ஜம்ப் போட்டதும் வந்த லைட்

இது லேசான கேஸ். வோல்ட் ரொம்ப கீழ போனா ஈசியூ சப்ளை கோட் போடும். ஆஃப்ல 12.4க்கு மேல, ஓடும்போது ஏறக்குறைய 13.5லேர்ந்து 14.5 இருக்கான்னு பாத்து, டெர்மினல் இறுக்கி, ஏர்பேக் ஃப்யூஸ் பாத்துட்டு கோட அழிச்சுப் பாருங்க. சாவி ஆன்ல இருக்கும்போது யாராவது சாக்கெட்ட கழட்டி மாட்டியிருந்தாலும் கோட் பதிஞ்சு நிக்கும், அழிச்சா போயிடும்.

லைட் எரியவே இல்ல

எல்லாத்துலயும் மோசமானது இதான், ஏன்னா யாரும் குறை சொல்லி வரமாட்டாங்க. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது சாவிய ஆன்ல மட்டும் வச்சு, ஸ்டார்ட் பண்ணாம, மீட்டர உத்துப் பாருங்க. ஏர்பேக் லைட் கண்டிப்பா எரியணும், பிறகு தனியா அணையணும். எரியலன்னா பல்ப கழட்டியிருக்கலாம், மேல கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம். ஆயில் லைட்டோடயோ ஏபிஎஸ் லைட்டோடயோ எப்பவும் சேந்து, ஒரே நொடியில அணையுதுன்னா அதோட ஒயர இதுக்கு இழுத்திருக்காங்களான்னு சந்தேகப்படுங்க. விபத்துல பை விரிஞ்ச வண்டிய வாங்கி, புது பைக்கு காசு போடாம கவர மட்டும் ஒட்டி, உள்ள ரெசிஸ்டர் வச்சு ஈசியூவ ஏமாத்துற வேலையும் நடக்குது. அப்ப ஸ்கேனரும் சுத்தமாத்தான் காட்டும். ஸ்டியரிங் கவர் நிறம் டேஷ்போர்டு நிறத்தோட ஒத்துப்போகலன்னாலோ, பயணி பக்கம் டேஷ்போர்டு புதுசா பளிச்சுன்னு இருந்தாலோ, பெல்ட் லேபிள் தேதி வண்டி வருஷத்துக்கு பிந்தியிருந்தாலோ கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. இந்தியாவுல டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலைலேர்ந்துதான் கட்டாயம், அதுக்கு முந்துன வண்டில ஏர்பேக்கே இல்லாத மாடலும் உண்டு, அதுல லைட் இல்லாதது தப்பில்ல, ஸ்டியரிங் நடுவுல ஏர்பேக்னு எழுதியிருக்கான்னு பாத்துக்குங்க.

பயணி பக்க டேஷ்போர்டுல ஏர்பேக்னு எழுதியிருக்குற மூடி மேலயே பிள்ளையார பசை போட்டு ஒட்டி வச்சிருக்குறத வாரத்துக்கு ஒண்ணாவது பாக்குறேன். மூடி தெறிச்சு தொறக்குற வேகத்துல அது நேரா முன் சீட்ல உக்காந்திருக்குறவங்க மூஞ்சிக்கு வரும். சாமிய நடுவுல ஏசி ஓட்டைக்கு மேல தள்ளி வைங்க, கோவிச்சிக்க மாட்டாரு.

லைட் ஒழுங்கா எரிஞ்சு ஒழுங்கா அணையிற வண்டிக்கும் ஒரு விஷயம், டகாட்டா கம்பெனி பைகள்ல பைய ஊத வைக்கிற பழைய இன்ஃப்ளேட்டர் மருந்து சூட்டுலயும் ஈரக் காத்துலயும் வருஷக்கணக்குல கெட்டு, வெடிக்கும்போது இரும்புத் துண்ட சிதறடிச்சதால உலகம் பூரா வண்டிய திரும்ப கூப்பிட்டாங்க, இந்தியாவுலயும் கூப்பிட்டாங்க. இதுக்கு எந்த லைட்டும் எரியாது. நம்ம ஊர் சூடும் ஈரமும் அதுக்கு ரொம்ப தோதானது, அதனால பழைய வண்டி வச்சிருக்குறவங்க சேஸிஸ் நம்பர கம்பெனி ரீகால் பக்கத்துல போட்டுப் பாருங்க, மாத்தறது இலவசம்.

எல்லாம் மாட்டுன பிறகு

மஞ்ச சாக்கெட் அத்தனையும் லாக் ஆயிருக்கான்னு பாத்துட்டு கடைசியா பேட்டரி. மொத தடவ சாவி ஆன் பண்ணும்போது சீட்ல உக்காராதீங்க, கதவுக்கு வெளிய நின்னு, தலைய பைக்கு நேரா நீட்டாம, கைய மட்டும் விட்டு ஆன் பண்ணுங்க. 6 செகண்ட், அணைஞ்சுதா, கோட் அழிங்க, ஆஃப் பண்ணி திரும்ப ஆன். பிறகு ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, சீட்ட தள்ளி, பெல்ட்ட போட்டு எடுத்து, பக்கத்துல எந்த ரோடு பேத்து கெடக்கோ அதுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து ஸ்கேனர திரும்ப மாட்டிப் பாருங்க. பழைய கிளாக் ஸ்பிரிங்கோ சாக்கெட்டோ என்ன மாத்துனீங்களோ அத வண்டிக்காரர் கையில குடுத்துடுங்க, சோதனைக்கு மாட்டுன 2 ஓம் ரெசிஸ்டர் அத்தனையும் டப்பாவுக்கு திரும்பிடுச்சான்னு எண்ணிப் பாத்துட்டு வண்டிய அனுப்புங்க.